திரையை நகர்த்தச் சொன்னவர்

அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. கோபப்படுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வேலை இருந்தது. குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும்.

நாமக்கல் பக்கம் ஊர். ஒரே ஒரு லாரி, சொந்த வண்டி. அவரே ஓட்டினார். நான் இரண்டாவது டிரைவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். பெயரை எழுதவில்லை. எழுதினால், "என்ர பேரு எதுக்குடா அதுல?" என்று கேட்கிற ஆள்.

"ஒண்ணை மாத்திப் பாரு. ரெண்டை மாத்தாத." அவர் வாயில் அடிக்கடி வருவது இதுதான். வண்டியில் கோளாறு என்றால் ஒரு சாமானைத்தான் மாற்றுவார். ஓட்டிப் பார்ப்பார். சரியாகவில்லை என்றால் பழையதையே திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை மாற்றுவார். இரண்டையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் எது கெட்டது என்று தெரியாது. நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்போம். அது அவருக்குப் பிடிக்காது. பட்டறைக்காரர்கள் அவர் வண்டி வருவதைப் பார்த்தாலே சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒரு தடவை தர்மபுரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கேபினுக்குள் டக் டக் என்று சத்தம். ஓரமாக நிறுத்தினார். ஜாக்கிக் கம்பியை இறக்கி ரோட்டோரம் வைத்தார். கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்தார். சத்தம் இருந்தது. கம்பியைத் திரும்ப ஏற்றிவிட்டுத் தண்ணீர்க் கேனை இறக்கினார். சத்தம் இருந்தது. பிறகு ஸ்பானர் பெட்டி. அப்போதும் இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீ எறங்கு."

"நானுங்களா?"

"எறங்குடா."

பையோடு இறங்கி நின்றேன். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். சத்தம் இல்லை. என் பைக்குள் டிபன் டப்பா மூடி சரியாகப் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"நல்லவேள," என்றார். "மூடிய மாத்துனாப் போதும். உன்னையே மாத்தோணுமோன்னு நெனச்சேன்."

வீட்டிலும் அப்படித்தான். அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் என்னிடம் சொன்னார். "இந்த மனுசனோட சண்டை கூடப் போட முடியாது தம்பி. குழம்புல உப்பு ஜாஸ்தின்னா மத்த ஆம்பளைங்க தட்டத் தள்ளிவிடுவாங்க. இவரு மொதல்ல சோத்தத் தனியாத் தின்னு பாப்பாரு. பொறகு குழம்ப நக்கிப் பாப்பாரு. நானே கத்தி முடிச்சுருவேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சிரித்துக்கொண்டு, "உப்பு சோத்துலயும் இருக்கலாமல்ல?" என்றார்.

இதில் தொந்தரவும் உண்டு. ஆத்தூரில் ஒரு சேகோ மில்லில் ஜவ்வரிசி லோடு ஏற்றினோம். மேலே மூடப் பார்த்தால் தார்ப்பாய் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. லோடுமேன்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன்.

"நீ பாத்தியா?"

"இல்லீங்ண்ணா."

"அப்புறம்?"

மில்லிலேயே ஒரு பாயைக் கேட்டு வாங்கி மூடினோம். அந்த வாரமே நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் குடோனுக்குப் போனபோது எங்கள் தார்ப்பாய் அங்கே மூட்டைக்கு அடியில் கிடந்தது. அதற்கு முந்தின டிரிப்பில் அவர்தான் அதை இறக்கிப் போட்டிருந்தார். மறந்துவிட்டார்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த முறை ஆத்தூர் போனதும் அவர் நேராக லோடுமேன்களிடம் போய், "பாய் கெடைச்சிருச்சுங்க. நீங்க எடுக்கல" என்றார்.

அவர்களில் பெரியவர் முறைத்தார். "நாங்க எடுத்தோம்னு எப்பய்யா சொன்ன?"

"வாயில சொல்லல. மனசுல ஒரு நாளு முழுக்க சொல்லிட்டு இருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி நடந்து வந்தார்.

அவருக்கு உடம்புக்கு வந்ததும் இப்படித்தான். அயோத்தியாப்பட்டணத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினார். விழுந்தது. கீழே கிடந்த டம்ளரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கடைக்காரரிடம் இன்னொரு டீ கேட்டார். அதை வலது கையில் வாங்கினார். பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இடது கைக்கு மாற்றினார். அதுவும் விழுந்தது.

"டம்ளர் இல்ல தம்பி," என்றார். நாக்கு குழறியது. "கைதான்."

பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அந்த லாரியிலேயே ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். சீக்கிரம் வந்ததால் பிழைத்தது என்றார்கள்.

பேச்சு வந்துவிட்டது. கையும் மெல்ல மெல்ல வந்தது. டாக்டர் அரை வருடம் வண்டியைத் தொடக்கூடாது என்றார். அரை வருடம் கழித்துப் போனபோது கையைப் பிடித்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், உடம்பு தேறிவிட்டது என்றார். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை படித்தார். லைசென்ஸ் கையில் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. தடுக்க யாரும் இல்லை. ஓட்டலாமா, கூடாதா என்று அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.

"ஏறுங்ண்ணா. பக்கத்துல நான் இருக்கறன்," என்றேன். எனக்கு அவர் வந்தால் போதும் என்று இருந்தது. அதுவரை வந்த மாற்று டிரைவர்கள் யாரும் நிலைக்கவில்லை.

"ரோட்டுல வெச்சு என்னையச் சோதிக்கக் கூடாது. எதுக்க வாரவனுக்கு என்ன தெரியும்?" என்றார். ஏறவில்லை.

மகள் கௌசல்யா வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை செய்தாள். அவளுடைய பழைய காலேஜ் லேப்டாப் சும்மா கிடந்தது. சின்னது. ஒரு தட்டு அகலம்தான் இருக்கும். அப்பன் சும்மா உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் அதில் ஒரு லாரி கேம் போட்டுக் கொடுத்தாள். சிநேகிதியிடம் இருந்து மேசையில் மாட்டுகிற ஸ்டியரிங்கும், காலுக்குப் பெடலும் வாங்கி வந்தாள். நம் ஊர் ரோடு மாதிரியே யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். பச்சை போர்டு, டோல்கேட், மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிறவன், எல்லாம் வந்தது.

நான் ஒரு டிரிப் முடித்து வந்தபோது அவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்ண்ணா, பொம்மை வண்டி ஓட்டறீங்க?"

"பொம்மைல அடிச்சா எவனும் சாக மாட்டான்," என்றார் திரும்பாமல். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னார். "இதுல ஒரு லோடு எடுத்து, ஒரு கீறல் உழுகாம, எறக்கற எடம் வரைக்கும் ஓட்டோணும். ஓட்டிட்டேன்னா நெச வண்டிச் சாவிய எடுப்பேன். இல்லைன்னா இல்ல."

அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னால் அப்படித்தான் செய்வார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அந்தச் சின்னத் திரையில் ஓட்ட முடியவில்லை. மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து ஓட்டினார். முன்னால் போகிற பஸ் தீப்பெட்டி அளவு இருந்தது. கண்ணாடியில் பின்னால் வருவது தெரியவில்லை. "இதுல தோத்தாலும் ஜெயிச்சாலும் செல்லாது," என்றார். "பெரிய திரை வெச்சுப் பாக்கலாம்." கௌசல்யா லேப்டாப்பில் வெளியே ஒரு மானிட்டர் மாட்டலாம் என்றாள். அவளுக்கு லீவு இல்லை. நானும் அவரும் சேலம் போனோம்.

கடையில் ஒரு அம்மா இருந்தார். லேப்டாப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலைக்கு என்று கேட்டார்.

"லாரி ஓட்டறதுக்குங்க," என்றார் அண்ணன்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். "கேமுங்க," என்றேன்.

மூன்று மானிட்டர் காட்டினார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் உள்ளே இருக்கிற புள்ளி வேறு வேறு. படம் என்பதே புள்ளிதானாம். முதலாவது ஆயிரத்து எண்பது. அதற்கு மேலே டூகே. அதற்கும் மேலே ஃபோர்கே. புள்ளி கூடக்கூடப் படம் தெளிவு. ஆனால் அத்தனை புள்ளியையும் ஒவ்வொரு நொடியும் வரைந்து தள்ள வேண்டியது லேப்டாப். சின்ன லேப்டாப்புக்கு அது மூச்சு வாங்கும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். "மானிட்டரு லோடு. லேப்டாப்பு இஞ்சினு."

"ஆமாங்க, அதேதான். உங்க இஞ்சினுக்கு ஆயிரத்து எண்பது போதும். அதுவே கொஞ்சம் அதிகம்தான்."

"தூரத்துல பச்சை போர்டு வருமில்லீங்க, அந்த எழுத்து தெரியுமா?"

அந்தம்மா பொய் சொல்லவில்லை. "ரொம்ப தூரத்துல கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். பக்கத்துல வந்தா தெரியும்."

"பக்கத்துல வந்து தெரிஞ்சு என்னங்க பண்றது? திருப்பம் போயிருமே."

"அதுக்காக மேல போனீங்கன்னா கேம் நின்னு நின்னு ஓடும் சார்."

அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். தெரியாத லோடு ஏற்றினால் அவர் முதல் கியரிலும் இழுக்க மாட்டார், கடைசி கியரும் போட மாட்டார். நடுவில் வைத்து இஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்பார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம்.

"கீழயும் வேண்டாம், மேலயும் வேண்டாம். நடுவுல இருக்கறதக் குடுங்க."

"சார், இதுல நடுங்கறது..."

"குடுங்க பாக்கலாம்."

அந்தம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "பெட்டியக் கிழிக்காம வெச்சிருங்க. திரும்ப வருவீங்க," என்றார்.

அடுத்த டிரிப்புக்கு நான் வடக்கே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஸ்டியரிங் மேசையில் இல்லை. கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தார். கேட்டேன். வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"நடுவுல நடுவுல விட்டுப் போகுது தம்பி."

"என்னதுங்ண்ணா?"

"ரோடு. பஸ்ஸு முன்னால இருக்குது. கண்ணு மூடித் தெறந்தாப்பல அடுத்தது பக்கத்துல வந்து நிக்குது. நடுவுல இருந்த ரோடு எங்க போச்சுன்னு தெரியல." தலையைத் தொட்டுக் காட்டினார். "உள்ள அடைச்சுதில்ல. அது இன்னும் இருக்குதாட்டம் இருக்குது."

"கௌசிகிட்டச் சொன்னீங்களா?"

"அழுவா."

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். அவர் எந்தச் சத்தத்துக்கும் முதலில் வண்டியைத் திட்டியதில்லை. இதற்கும் முதலில் தன்னையே பிடித்துக்கொண்டார். ஆனால் பாதியில் நின்றுவிட்டார். மற்ற எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. பயம் வந்ததும் அவருக்கும் கை வரவில்லை.

"நான் ஓட்டிப் பாக்கறனுங்ண்ணா," என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆமால்ல," என்றார்.

ஸ்டியரிங்கை மாட்டி நான் உட்கார்ந்தேன். கேமில் சேலம் தாண்டுவதற்குள் எனக்கும் படம் நின்றது. பஸ் முன்னால் இருந்தது. அடுத்த நிமிஷம் பஸ்ஸுக்குள் இருந்தேன்.

"எனக்கும் நிக்குதுங்ண்ணா!" கத்திவிட்டேன்.

"நெசமா?"

"சத்தியமாங்ண்ணா! எனக்கும் விட்டு விட்டுத்தான் போகுது!"

அவர் சிரித்தார். உடம்புக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். கௌசல்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம்.

"அப்பா, நாலு நாளா இத மனசுல வெச்சுட்டா இருந்தீங்க? லேப்டாப்பால இழுக்க முடியலப்பா. அவ்வளவுதான்."

"நடுவுலதான வாங்குனேன்?"

"இதுல நடுவுலதான் மோசம்," என்றாள். முழுப் புள்ளியும் போட்டால் லேப்டாப் திணறியது. புள்ளியைக் குறைத்து ஆயிரத்து எண்பதில் ஓட்டினால் அந்த மானிட்டரில் சரியாகப் பொருந்தாமல் எழுத்தெல்லாம் ஈரத்தில் தொட்ட மாதிரி கலைந்து தெரிந்தது. அதையும் போட்டுக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "கடைக்கார அம்மா சொன்னாங்க. நான்தான் கேக்கல," என்றார்.

மறுநாளே பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அந்தம்மா எங்களைப் பார்த்ததும், "வாங்க சார். லாரி நின்னு நின்னு ஓடுச்சா?" என்றார். ஆயிரத்து எண்பது மானிட்டரை மாற்றிக் கொடுத்தார்.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு மாட்டினோம். கௌசல்யா கேமுக்குள் போய் நிழல், புல் இதையெல்லாம் எடுத்துவிட்டாள். "லோடு கம்மி பண்றேன்ப்பா," என்றாள். அவர் தலையாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா, கௌசல்யா, நான் மூன்று பேரும் பின்னால் நின்றோம். முதுகு நேராக, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நான் இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே ஆள்.

வண்டி நின்று நின்று போகவில்லை. எண்ணெய் விட்ட மாதிரி போயிற்று. ஒரு பஸ்ஸை முந்தினார். டோல்கேட்டில் நிறுத்தி எடுத்தார். ஒரு திருப்பத்தில் கியர் குறைத்து இறங்கியது, அது அவர் கைதான், வேறு யாருக்கும் வராது.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குது சாமி," என்றார். போர்டு எழுத்து பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதை ஒத்துக்கொண்டு ஓட்டினார்.

இடது பக்கத்தில் ஒரு ஊர் ரோடு வந்தது. அதிலிருந்து ஒரு மொபெட் மெல்ல ஏறியது. சிவப்புச் சட்டை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பிரேக்கில் கால் வைப்பார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. இடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

"எங்கிருந்து வந்தான்?"

"கேம்ல அப்படித்தான்ப்பா. திடீர்னு முளைக்கும்," என்றாள் கௌசல்யா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "தம்பி, நீ பாத்தியா?"

"பாத்தனுங்ண்ணா."

"எப்ப?"

"ஊர் ரோட்டுல வாரப்பவே."

மறுபடி ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் ஒரு சைக்கிள். அதுவும் இடது பக்கம். அதையும் இடித்தார். கேமை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னார் கௌசல்யாவிடம். திரையில் படம் நின்றது. இடது ஓரத்தில் அந்தச் சைக்கிள்காரன் கிடந்தான்.

"எங்க இருக்கான்? கைய வெச்சுக் காட்டு."

நான் விரலை வைத்தேன். அவர் தலையைத் திருப்பி என் விரலைத் தேடிப் பார்த்தார். "ஆமா. இருக்கான்," என்றார்.

நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்தது.

"நான் காலண்டரையே பாத்துட்டு இருப்பேன். கௌசி, திரைய வலது பக்கம் நகத்து சாமி."

"எதுக்குப்பா?"

"நகத்து."

அவள் நகர்த்தினாள். அவர் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தெரியுது. ரோடு தெரியுது. சைக்கிளும் தெரியுது. இப்ப இக்கட்ட, இடது பக்கம் கொண்டு வா."

அவள் மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள். காலண்டரைத் தாண்டியது. இடது பக்கம் வந்து நின்றது.

"எங்க கொண்டு போன?" என்றார்.

"இங்கதான்ப்பா வெச்சிருக்கேன்."

"எங்க?"

"உங்க முன்னாலதான்ப்பா. இடது பக்கம்."

"திரையே இல்லையே," என்றார்.

கௌசல்யா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர் அப்போது தலையைத் திருப்பினார். திரை அங்கே இருந்தது. சைக்கிள்காரனும் இருந்தான்.

"மிசினு சரியாத்தான் இருக்குது," என்றார். "இதுக்குப் போயி ரெண்டு திரையச் சந்தேகப்பட்டாச்சு."

அக்கா கீழே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்ச நாளா தட்டுல இந்தப் பக்கம் வெக்கற பொரியல் அப்படியே கெடக்குது," என்றார் யாரையும் பார்க்காமல். "புடிக்கலையாக்கும்னு நெனச்சேன்."

"புடிக்கும்," என்றார் அவர். "வெச்சது தெரியல."

எனக்குப் பொறுக்கவில்லை. "இடது பக்கம் நான் பாத்துக்கறனுங்ண்ணா," என்றேன். எல்லா லாரியிலும் அதுதானே வழக்கம். இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்லுவான், டிரைவர் அதை நம்பித் திருப்புவார். "நீங்க ஓட்டுங்க. நான் சொல்றேன்."

அவர் உடனே மறுக்கவில்லை. நான் சொன்னதை எடுத்து வைத்துப் பார்த்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது. ஓட்ட வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ தூங்குவியே," என்றார்.

"தூங்க மாட்டனுங்."

"தூங்கோணும் தம்பி. தூங்கறதுக்குத்தான் அந்தச் சீட்டு. ரெண்டாவது ஆளு தூங்குனாத்தான் அடுத்தாப்பல அவன் ஓட்ட முடியும். உன்னைய முழிச்சுட்டு வரச் சொன்னா ரெண்டு பேரும் கெட்டோம்."

நான் ஸ்டியரிங்கைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன்.

கௌசல்யா மறுநாளே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணில் ஒன்றும் இல்லை, மூளையில் அடைத்த இடம் அப்படி, இரண்டு கண்ணிலும் இடது பாதி தெரியாது, கண்ணாடி போட்டாலும் வராது என்று சொன்னார்கள். அவர் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லையாம். வரும் வழியில் அவளுக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார். "வண்டிய வித்தர்லாங்களா?"

"வண்டி என்ன பண்ணுச்சு?" என்றார் அவர்.

சாவியை என்னிடம் கொடுத்தார். கூட ஓட்டுவதற்கு ராசிபுரம் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்துப் பேசினார். அந்த ஆளிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "சீட்டுல படுத்தா தூக்கம் வருமா?" அவன் வரும் என்றான். சேர்த்துக்கொண்டார்.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் அக்காவும் அவரும் அவளோடு போய்விட்டார்கள். வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். போனில் பேசுவோம். நான் ஏதாவது கோளாறு சொன்னால், "எதை மாத்துன?" என்று கேட்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

சாவி என் கைக்கு வந்த பிறகு முதல் டிரிப் கிளம்பிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் வந்து வண்டியைச் சுற்றினார். டயரைத் தட்டினார். முன் டயருக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது நான் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றுவிட்டேன். அவர் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தேன்.

"எதுக்குடா சுத்தி வார?" என்றார். "அங்கிருந்தே கூப்புட்டா ஆகாதா? காது நல்லாத்தான இருக்குது."

"கெளம்பறனுங்ண்ணா."

"செரி. ஏறு."

வண்டியைப் பின்னால் எடுத்து ரோட்டுக்குத் திருப்ப வேண்டும். வழக்கமாக அதற்கு இறங்கி நின்று வழி காட்டுவது நான். புது ஆள் இறங்கப் போனான். அவர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே நடந்து போனார். காம்பவுண்டுச் சுவர் வரை போய் நின்றார். இடம் சரியில்லை என்று கொஞ்சம் நகர்ந்தார். கடைசியில் சுவர் அவருக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கிற மாதிரி நின்றுகொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து இனி யாரும் வர முடியாது. கண்ணாடியில் அவர் முழுசாகத் தெரிந்தார். கையைத் தூக்கினார்.

"வரட்டும்," என்றார்.